மூக்கை அளந்தவர்களும் மணத்தை ஆராய்ந்தவரும்



மானுடவியலின் அறிமுகப் பாடநூலைத் திறந்தால் முதல் பக்கங்களிலேயே சில சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்: இனம், பண்பாடு, கள ஆய்வு, உறவுமுறை, அகமணம், புறமணம். தேர்வுக்குப் படிப்பவருக்கு இவை மனப்பாடம் செய்ய வேண்டிய வரையறைகள். நமக்கு அப்படியல்ல. இச்சொற்களில் பல, நம்மைப் போன்றவர்களின் உடலை அளந்தும் சேரியைத் தொலைவில் நின்று பார்த்தும் பழக்கத்துக்கு வந்தவை. அவற்றைத் தளியில் நின்று படித்துப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் இனம். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மண்டையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு மாகாணம் முழுக்கச் சுற்றினார். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆங்கில அகர வரிசையில் மாதிகரும் ஹொலையரும் பறையரும் அதில் இருக்கிறார்கள், அருங்காட்சியக அலமாரியில் பொருள்களை அடுக்கியதுபோல. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி இன்னும் ஒருபடி மேலே போனார். மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகத் தகுதி குறையும் என்பதை ஒரு விதியாகவே எழுதினார். இந்த அளவைகளைத் தூக்கி எறியாமல் அவற்றைக் கொண்டே அந்த விதியை உடைத்தவர் அம்பேத்கர். தீண்டப்படாதவர்களைப் பற்றி 1948-ல் எழுதிய நூலில், பிராமணரின் மூக்களவையும் தீண்டப்படாதவரின் மூக்களவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இருவரும் வேறு வேறு இனம் என்பதற்கு அந்த எண்களே இடம் கொடுக்கவில்லை என்று காட்டினார்.

அடுத்தது பண்பாடு. 1871-ல் டைலர் கொடுத்த வரையறை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், வழக்கம் என்று மனிதன் சமூக உறுப்பினனாக இருந்து பெற்றுக்கொள்ளும் எல்லாம் சேர்ந்த முழுமை. இதைத் தளியில் பொருத்திப் பாருங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடைவீதியில் புழங்கும் ஊர் இது. எட்டிப்பார்த்தால் ஆனேக்கல். கேழ்வரகுக் களியைத் தமிழர் களி என்பார், கன்னடர் முத்தே என்பார், தெலுங்கர் சங்கடி என்பார், உருண்டை ஒன்றுதான். மொழியும் உணவும் இவ்வளவு கலந்திருக்கும் ஊரில், பண்பாட்டு வேறுபாட்டால்தான் சாதி வந்தது என்று யாராவது சொன்னால் எப்படி ஏற்பது? கலக்காத ஒன்றும் இங்கே உண்டு. தமிழில் சேரி, கன்னடத்தில் ஹொலகேரி, தெலுங்கில் மாலபல்லி. ஒதுக்கி வைப்பதற்கு மட்டும் மூன்று மொழியிலும் தனித்தனிச் சொல் தயாராக இருந்திருக்கிறது.

இந்தப் புதிருக்கு விடை 1916 மே 9 அன்று நியூயார்க்கில் வாசிக்கப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானுடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் பற்றி 25 வயது மாணவர் அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். கோல்டன்வைசர், இன உயர்வுக் கோட்பாட்டை எதிர்த்த பிரான்ஸ் போவாசின் மாணவர். இந்தியா பண்பாட்டால் ஒருமைப்பட்ட நிலம். அந்த ஒருமையைத் துண்டுபோடும் கத்தி அகமணம் என்பதே அம்பேத்கரின் வாதம். அதுவரை தீட்டையும் தொழிலையும் பேசிக்கொண்டிருந்த அறிஞர்களிடமிருந்து அவர் விலகும் இடம் இதுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு குழு தனக்குள்ளேயே மணந்துகொள்ள வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் உபரி. மனைவி இறந்தால் ஓர் ஆண் உபரி. உபரிப் பெண் வெளியே மணந்தால் சாதி வேலி உடையும். உள்ளேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணின் வாய்ப்பு போகும். ஆகவே அவளை எரித்தார்கள், அல்லது காலமெல்லாம் கைம்பெண்ணாக வைத்தார்கள். உபரி ஆணை எரிக்க முடியாதே! அவனுக்குப் பருவமெய்தாத சிறுமியைக் கட்டிவைத்தார்கள். உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் தனித்தனி மூடப்பழக்கங்கள் அல்ல, சாதியின் பராமரிப்பு வேலைகள். பெண்ணின் உடலைக் காவல் காக்காமல் சாதியைக் காவல் காக்க முடியாது என்பதை அந்த இளைஞர் அன்றே கண்டுவிட்டார்.

புறமணத்தையும் இங்கே பார்க்கலாம். பங்காளிக்குள் பெண் எடுக்கமாட்டார்கள். தெலுங்கு பேசுவோருக்கு இண்டிபேரு, கன்னடத்தில் பெடகு. ஒரே இண்டிபேருக்குள் மணம் இல்லை. ஆனால் தாய்மாமன் மகளுக்கு முதல் உரிமை, அதற்குத் தெலுங்கில் மேனரிகம் என்றே பெயர். உள்ளே இத்தனை கதவுகள், வெளிச்சுவரில் ஒரு சன்னல்கூட இல்லை. புறமண வழக்கத்தின் மேல் அகமணம் வந்து ஏறியதே சாதி என்று அம்பேத்கர் சொன்னதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் விளக்காது.

ஓசூர் சிப்காட் இந்தச் சுவரை இடித்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. ஒரே ஷிப்ட், ஒரே பேருந்து, ஒரே கேண்டீன். ஆனால் 2018 நவம்பரில், ஓசூர்ப் பகுதியில் சாதி கடந்து மணந்த ஓர் இளம் தம்பதியின் உடல்கள் கர்நாடகத்தில் காவிரி ஆற்றில் கிடந்தன. மணமான சில மாதங்களிலேயே கொன்றிருந்தார்கள். இத்தகைய தம்பதிகளைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச் 27 அன்றுதான் உத்தரவிட்டிருந்தது. ஆலை மாநில எல்லையைத் தாண்டிப் பொருளை அனுப்புகிறது. சாதி பிணத்தையும் அனுப்புகிறது.

கள ஆய்வு பற்றிச் சொல்ல வேண்டும். அது யார் வீட்டுத் திண்ணையிலிருந்து நடக்கிறது என்பதே கேள்வி. மைசூர்ப் பக்கத்து ராம்புராவில் 1948-ல் தங்கிய எம்.என். சீனிவாஸ் ஊர்த்தலைவரின் இடத்தில் தங்கினார். தஞ்சை ஸ்ரீபுரத்தை ஆய்ந்த ஆந்த்ரே பெத்தேல் அக்கிரகாரத்தில் தங்கினார். இருவரும் நேர்மையான அறிஞர்கள், இதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் திண்ணையிலிருந்து தெரிவது திண்ணைக்கு எதிரே இருப்பதுதான்.

பெயரிடுவதிலும் இதே சிக்கல். வெளியார் இட்ட இழிபெயர்களைத் தள்ளி, எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல் ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்கள் சென்னை மாகாணத்தில் ஏற்கப்பட்டன. மைசூர்ப் பக்கம் ஆதி கர்நாடகர். நாமே நமக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. ஆனால் 2009-ன் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுப் பட்டியலில் மாதிகாவும் ஆதி ஆந்திரரும் உண்டு, ஆதி கர்நாடகர் இல்லை. தளி போன்ற ஊரில் பாட்டனின் சான்றிதழில் எந்த ஆதி எழுதப்பட்டது என்பதில் பேத்தியின் கல்லூரி இடம் தொங்குகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நீலகிரியில் தோடர்களிடையே ஆய்வு செய்த ரிவர்ஸ் வம்சாவளி வரைபடத்தை ஒரு முறையாகவே வளர்த்தார். இன்றைய பாடநூல்களில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக் கோடு திருமணம். இதைத் தளியில் ஊரிலும் சேரியிலும் மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். இரட்டைக் கோடு சாதியைத் தாண்டிய இடங்களை மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள். அந்த மனிதர்கள் இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.