ஏணியும் குழுவும்: செயல்வழிக் கற்றலில் குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளின் தடம்

முன்னுரை

குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் தனித்தனி இயல்களாக உள்ளன; வகுப்பறைக்குள்ளோ அவை அட்டையாகவும் இருக்கை முறையாகவுமே நுழைகின்றன. தமிழகத்தின் செயல்வழிக் கற்றல் முறையில் இருவேறு கோட்பாடுகள் இணைந்து செயற்படுவதையும், அவற்றைப் பிரித்து நோக்குவதால் எழும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாற்றுப் பின்னணி

1939ஆம் ஆண்டின் இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறு வந்த மரியா மாண்டிசோரி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தன் வேகத்தில், தானே கையாளும் பொருள்களின் வழியே கற்கும் என்னும் கருத்து இங்கு வேரூன்ற அது துணைசெய்தது. எனினும், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அக்கருத்து விரிவாகச் செயல்வடிவம் பெறப் பல்லாண்டுகள் கடந்தன. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான ஏணி, அட்டை முறை இதற்கு முன்மாதிரியாயிற்று. 2007 முதல் இது மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது.

ஏணி

பாடப்பொருள் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, சின்னமிட்ட அட்டைகளாக ஏணியில் வரிசைப்படுத்தப்பட்டது. ஒரு படியை முடித்த குழந்தையே அடுத்ததற்குச் செல்லும். விடுப்பில் இருந்த குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடரும். கற்றலுக்கு முதிர்ச்சியின் வரிசை உண்டு, அறிவைக் குழந்தையே செயலால் கட்டமைக்கிறது என்னும் பியாஜேயின் கருத்தோடு இது ஒத்துச் செல்கிறது.

குழு

ஒவ்வோர் அட்டையும் ஆறு குழுக்களுள் ஒன்றனைச் சுட்டும். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்பன அவை. உதவி படிப்படியாகக் குறைந்து தற்சார்பில் முடியும் இவ்வமைப்பு, வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலக் கருத்துக்கு நெருக்கமானது. இன்று துணையோடு செய்வதை நாளை குழந்தை தனித்துச் செய்யும் என்பதே அக்கருத்தின் சாரம். வடிவமைத்தோர் அவரைப் பின்பற்றினர் என்பது இங்கு வாதமன்று. அமைப்பின் தருக்கமே கருதத்தக்கது.

இணைப்பின் தேவை

ஆசிரியர் 'ஏதுவாளர்' மட்டுமே என்னும் விளக்கம் ஏணியை மட்டும் காண்பதன் விளைவாகும். ஆறு குழுக்களுள் முதல் இரண்டும் ஆசிரியரின் நேரடித் துணையை வேண்டுவன. பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளியில் அத்துணை குன்றினால், அட்டை நகரும், கற்றல் நகராது. வீட்டில் எழுத்தறிவுச் சூழல் அமையாத குழந்தையையே இக்குறை முதலில் தாக்கும்.

முடிவுரை

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என நிலைப் பகுப்பு தொடர்கிறது. நிலையை வகுப்பது கோட்பாட்டின் ஒரு பாதியே. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் துணையே மறுபாதி. எனவே, தொடக்கக் கல்விச் சீர்திருத்தங்களை மதிப்பிடும் ஆய்வுகள், கற்றல் பொருள்களோடு ஆசிரியரின் நேரம் பகிரப்படும் முறையையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும்.