அடி உதை வழக்கும் மணவிலக்கும்: பிள்ளைகள் யாரிடம்?

கணவன் மனைவியை அடித்துக் காயப்படுத்தினால், மலேசியாவில் தண்டனைச் சட்டம் 326ஏ பிரிவின்கீழ் குற்றஞ்சாட்டப்படலாம். ஆனால், அந்த வழக்கே திருமணத்தை முறித்துவிடாது. பிள்ளைகளையும் தாயிடம் ஒப்படைத்துவிடாது.

முஸ்லிம் அல்லாதோர் மணவிலக்கிற்கு, 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் தனியாக மனு செய்ய வேண்டும். சேர்ந்து வாழவே முடியாத நடத்தைக்கு அடி உதை வலுவான சான்று. போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, பாதுகாப்பு ஆணை ஆகியவற்றின் நகல்கள் அங்கே கைகொடுக்கும்.

ஒருவர் மட்டும் மனு செய்தால், முதலில் சமரசக் குழுவிடம் செல்ல வேண்டும். அது இயலாத விதிவிலக்கான சூழ்நிலை என நீதிமன்றம் ஏற்றால் விலக்கு கிடைக்கும். திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகாதவர்கள், கடுந்துன்பத்தைக் காட்டி அனுமதி கேட்கலாம்.

பராமரிப்பு உரிமையில் பிள்ளையின் நலனே முதன்மையானது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது எனச் சட்டம் கருதினாலும், தக்க காரணம் இருந்தால் அது மாறலாம். அடித்தவர் பிள்ளையைப் பார்க்க அனுமதி கிடைத்தாலும், நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம்.

‘குடும்ப மானம்’ கருதி புகாரைத் தள்ளிப்போட்டால், சான்றும் கைநழுவும். உதவிக்கு தாலியான் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.