படை மீளும் வழி



களியக்காவிளையைக் கடந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் வழிப்போக்கர், எங்கே ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்கிற்று என்பதை மக்களின் பேச்சைக் கொண்டு அறிவது அரிது. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக் கிராமங்களில் தமிழ் நின்றுவிடவில்லை. என் இளமைப் பருவத்தில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் மலையாளப் பத்திரிகையும் தமிழ்ப் பத்திரிகையும் ஒரே மேசையில் கிடக்கும்.

1989-ஆம் ஆண்டில் அம்மேசையைச் சுற்றி நாள்தோறும் ஒரே வழக்கு நடந்தது. இலங்கையிலுள்ள இந்தியப் படை திரும்பலாமா, கூடாதா? 'புலிவாலைப் பிடித்தாயிற்று; இனி எப்படி விடுவது?' என்பார் ஒருவர். 'பிடித்துக்கொண்டே எத்தனை நாள் நிற்பது?' என்பார் மற்றொருவர். மகனைப் படைக்கு அனுப்பியிருந்த பெரியவர் ஒருவர் மட்டும், 'திரும்பும் நாள் எந்தக் காகிதத்திலாவது எழுதியிருக்கிறதா, பிள்ளைகளே?' என்று கேட்பார். விடை சொல்வார் இல்லை. பிற்காலத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான், அவர் கேட்ட அந்தக் காகிதத்தைத் தேடிப் படித்தேன்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் இராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜயவர்த்தனாவும் கையொப்பமிட்ட உடன்படிக்கையே அது. அதில் காலக்கெடுக்களுக்குக் குறைவில்லை. 48 மணி நேரத்துக்குள் சண்டை நிற்க வேண்டும். அது நின்ற 72 மணி நேரத்துக்குள் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். 1987 டிசம்பர் 31-க்குள் மாகாண சபைத் தேர்தல் நடைபெற வேண்டும். அதன் இணைப்பிலேதான் இந்திய அமைதி காக்கும் படையைப் பற்றிய வாசகம் வருகிறது. தேவைப்படுமாயின் இலங்கைக் குடியரசுத் தலைவர் அதனை அழைக்கலாம். சண்டை நிறுத்தத்துக்கு அது உறுதியாக நின்று, அதனைச் செயற்படுத்தவும் செய்யும் என்பது அதன் கருத்து. உறுதியாக நிற்பது காவற்காரன் வேலை. செயற்படுத்துவதோ, மறுப்பவனை அடக்கும் வேலை. இவ்விரண்டும் ஒரே வரியில் அமைந்தன. படை திரும்பும் நாள் எவ்வரியிலும் இல்லை. போரிட்ட இயக்கங்கள் எவையும் அதில் கையொப்பமிடவும் இல்லை.

மறுநாளே படை சென்று இறங்கியது. தொடக்கத்தில் யாழ்ப்பாண மக்கள் அதனை மாலையிட்டு வரவேற்றனர். செப்டம்பர் 26-இல் திலீபன் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் நேர்ப் போர் மூண்டது. அம்மாதம் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் படையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். நவம்பர் 25 அன்று மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் களத்தில் வீழ்ந்தார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. ஒரு டிவிஷனாகச் சென்ற படை நான்கு டிவிஷன்களாகப் பெருகிற்று.

அந்நிலையில்தான் திரும்புதல் பற்றிய வாதம் எழுந்தது. 1989 ஜனவரியில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிரேமதாசா, ஜூலை 29-க்குள் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் முதல் நாளன்று அறிவித்தார். அழைத்தவர் இலங்கைக் குடியரசுத் தலைவர். ஆதலின் அனுப்பும் உரிமையும் அவருக்கே என்பது அவர் வாதம். தென்னிலங்கையில் ஜனதா விமுக்தி பெரமுனா அந்நியப் படையைக் காரணம் காட்டிக் கிளர்ச்சி செய்துவந்தது அவரை நெருக்கியது. புலிகளும் அவருடன் பேச்சு நடத்தத் தொடங்கியிருந்தனர்.

இராஜீவ் காந்தி உடன்படவில்லை. உடன்படிக்கை இரு நாடுகளுக்குரியது. தமிழர்க்கு வாக்களித்த அதிகாரப் பகிர்வும், வடகிழக்கு மக்களின் பாதுகாப்பும் நிறைவேறுவதற்கேற்பவே படை திரும்பும் என்று அவர் எழுதினார். அதே ஆகஸ்டின் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலர் படையினரால் கொல்லப்பட்டனர். பாதுகாப்புக்காகவே நிற்கிறோம் என்ற சொல்லின் வலிமை அன்று பெரிதும் குன்றியது. செப்டம்பர் 18-இல் இரு அரசுகளும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. டிசம்பரில் இந்தியாவில் வி. பி. சிங் ஆட்சி அமைந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் திரும்பவில்லை. சென்னைத் துறைமுக வரவேற்புக்கு முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை.

திரும்பியது சரியா, தவறா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. இதனை எண்ணும்போது எங்கள் பக்கத்துப் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. திருவிதாங்கூரைக் காப்பதற்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி தன் படையை நிறுத்தி வைத்தது. 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி அதற்காக ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டியதாயிற்று. அப்போது தளவாயாக இருந்தவர் வேலுத்தம்பி. பாக்கித் தொகைக்கான நெருக்குதல் முற்றவே, அவரே 1809-இல் கம்பெனியை எதிர்த்து எழுந்தார். கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றி, நாஞ்சில் நாட்டைக் கடந்து திருவனந்தபுரத்தை நெருங்கியது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை எங்கள் ஊர்கள். கம்பெனியின் நோக்கமும் 1987-இன் நோக்கமும் ஒன்றல்ல என்பது வெளிப்படை. ஆனால் காக்க வந்த படை எப்போது போகும் என்பதை முன்னரே வரையறுக்காவிட்டால், அழைத்த கையே அதனை விலக்க முற்படும் என்பது இரண்டிலும் தெரிகிறது.

அத்துடன் இன்னொரு கணக்கும் உண்டு. அனுப்பியவர் தம் வீரரை எண்ணினர். அழைத்தவர் தம் ஆட்சியை எண்ணினர். படையை நம்பி அதன் நிழலில் நின்றவர்களின் கதி என்ன? 1988 தேர்தலில் அமைந்த வடகிழக்கு மாகாண அரசு படையோடு சரிந்தது. முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அவருடன் நின்ற எளியோர் பலருக்கு அவ்வழியும் இல்லை. 1990 ஜூனில் இலங்கை அரசும் புலிகளும் மீண்டும் போரில் இறங்கினர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தியும், 1993 மே தினத்தில் கொழும்பில் பிரேமதாசாவும் கொலையுண்டனர். போர் 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. படை இன்னும் சில ஆண்டுகள் நின்றிருந்தால் இவை நேர்ந்திரா என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. நின்ற 32 மாதங்களில் அமைதி வரவில்லை என்பதே நாம் அறிந்தது.

வள்ளுவர் தெரிந்து செயல்வகையை முதலில் வைத்து, அதன் பின்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அமைத்தார். தொடங்குமுன் முடிவை எண்ணாதவர்க்கு வலிமையும் காலமும் இடமும் துணை செய்யா என்பது அவ்வரிசையால் விளங்கும். திரும்புவதைப் பற்றி 1989-இல் நடந்த வாதம், 1987 ஜூலையில் கையொப்பத்துக்கு முன் நடந்திருக்க வேண்டிய வாதம். அன்று படையின் பணி எது, அது முடிந்தது என்று யார் சொல்வது, அதன் பின் அங்குள்ள மக்களுக்கு யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதியிருந்தால், திரும்புதல் தோல்வியாகவும் தோன்றியிராது. தங்குதல் ஆக்கிரமிப்பாகவும் தோன்றியிராது.

கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் அவ்வீரர்களுக்கு 2008-இல் எழுந்த நினைவுச் சின்னம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவரின் மகன் உயிரோடு திரும்பினார். மகன் வந்த பிறகும் அப்பெரியவர் தேநீர்க் கடை வழக்கில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. வேறு எந்த நாட்டுக்குப் படை போகிறது என்ற செய்தி வந்தாலும் பத்திரிகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, 'திரும்பும் நாள் எழுதியிருக்கிறதா, பாருங்கள்' என்பார்.