வளர்ப்புப் பாம்புகளின் உண்ணப்படாத இரை

வளர்ப்புப் பாம்புகளின் உண்ணப்படாத இரை என்பது, கூண்டில் வளர்க்கப்படும் பாம்புக்குக் கொடுக்கப்பட்டு, அது விழுங்காமல் விட்ட எலி, சுண்டெலி முதலிய விலங்கைக் குறிக்கும். பாம்பு இரையை மறுப்பது இயல்பான நிகழ்வாகும். பல வேளைகளில் அது நோயின் அறிகுறி அன்று. ஆனால் மறுக்கப்பட்ட இரையைக் கூண்டிலேயே விட்டுவைப்பது பாம்புக்கும் வளர்ப்பவருக்கும், இரை உயிருடன் இருப்பின் அவ்விரைக்கும் தீங்கு விளைவிக்கும். இரை உயிருள்ளதா, உறைநிலையிலிருந்து இளக்கப்பட்டதா, விழுங்கிய பின் கக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து அதனைக் கையாளும் முறை வேறுபடும்.

இரையை மறுப்பதற்கான காரணங்கள்

பாம்புகள் தம் உடல் வெப்பத்துக்குச் சுற்றுப்புறத்தைச் சார்ந்திருப்பவை. கூண்டு போதிய வெப்பமின்றி இருந்தால் செரிமானம் தடைப்படும். அந்நிலையில் அவை பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. சட்டை உரிப்பதற்கு முன் கண்கள் வெளிறியிருக்கும் நாட்களிலும், இனப்பெருக்கக் காலத்திலும், வயிற்றில் முட்டையுடன் இருக்கும்போதும், புதிய இடத்துக்கு மாற்றப்பட்ட உடனும் இரையை மறுப்பது வழக்கம். மேற்கு, நடு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பந்து மலைப்பாம்பு இதற்குப் பெயர் பெற்றது. நல்ல உடல்நிலையில் உள்ள முதிர்ந்த பந்து மலைப்பாம்பு சில மாதங்கள் வரை உண்ணாமல் இருப்பதுண்டு.

இரையின் நிலையும் மறுப்புக்குக் காரணமாகலாம். பந்து மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. எனவே ஆறிப்போன எலியை அது இரையாகக் கொள்ளாமல் விடக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்புக்கு இக்குழிகள் இல்லை. அது நாக்கினால் திரட்டும் மணத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

உயிருள்ள இரை

உண்ணப்படாத இரைகளுள் பாம்புக்கு உடனடி ஆபத்தைத் தருவது உயிருள்ள எலியே ஆகும். பசியற்ற பாம்பு, தன்னைக் கடிக்கும் எலியை எதிர்க்காமல் இருந்துவிடலாம். அடைபட்ட எலி அச்சத்தினாலோ பசியினாலோ பாம்பைக் கொறிக்கத் தொடங்கும். ஓர் இரவு முழுவதும் கவனிக்காமல் விடப்பட்ட பாம்புகளில், முதுகுத் தோலும் தசையும் அரிக்கப்பட்டு எலும்பு வெளித்தெரியும் காயங்கள் ஏற்பட்டதுண்டு. இத்தகைய காயங்களில் சீழ் பிடித்துப் பாம்பு இறக்கவும் நேரிடும்.

ஆகவே உயிருள்ள இரையைக் கூண்டில் விட்டால் அருகில் இருந்து கண்காணிக்க வேண்டும். 15 முதல் 30 நிமிடங்களுக்குள் பாம்பு அதனைப் பிடிக்காவிட்டால் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது வெறுங்கையை நீட்டக்கூடாது. எலியின் மணத்தால் தூண்டப்பட்ட பாம்பு கையையே இரையெனக் கருதித் தாக்கக்கூடும். நீண்ட இடுக்கியோ சிறு பெட்டியோ பயன்படுத்தலாம். எடுத்த எலிக்கு உணவும் நீரும் கொடுத்துத் தனிக்கூண்டில் வைக்க வேண்டும். அதனை வெளியில் திறந்துவிடுவது தவறாகும்.

இக்காரணங்களால், முன்னரே கொல்லப்பட்டு உறைய வைக்கப்பட்ட இரையையே கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், மனிதரின் கட்டுப்பாட்டில் உள்ள முதுகெலும்பு விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் இழைப்பதைக் குற்றமாக்குகிறது. இரையாக வாங்கப்பட்ட எலிக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

உறைநிலையிலிருந்து இளக்கிய இரை

உறைந்த எலியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இளக்கி, பின்னர் நீர் புகாத பையிலிட்டு வெந்நீரில் சூடாக்கிக் கொடுப்பது வழக்கம். பாம்பு உடனே எடுக்காவிட்டால் ஒருமுறை மீண்டும் சூடாக்கிக் காட்டலாம். கூச்சமுள்ள பாம்புகளுக்கு, இரையைக் கூண்டில் வைத்து விளக்கை அணைத்துவிட்டுச் சில மணி நேரம் தனிமையில் விடுவது பயன் தரும். இரவில் வைத்த இரை காலையில் கிடந்தால் அதனை அப்புறப்படுத்த வேண்டும். கூண்டின் வெப்பநிலை ஏறத்தாழ 27 முதல் 32 பாகை செல்சியசு வரை இருப்பதால் அங்கு இறைச்சி விரைவில் கெடும். எலியின் குடல் நீக்கப்படாததால் அழுகல் வயிற்றுப் பகுதியில் தொடங்குகிறது.

ஒருமுறை சூடாக்கிய இரையை மீண்டும் உறைய வைத்தல் கூடாது. உறைதல் பாக்டீரியாக்களின் வளர்ச்சியை நிறுத்துமேயன்றி அவற்றை முழுவதும் அழிப்பதில்லை. முதல்முறை இளகியபோது பெருகியவை அடுத்த முறை மேலும் பெருகும். ஓர் எலியின் விலையை மிச்சப்படுத்த முனைந்து பாம்பை நோயுறச் செய்வதாக இது முடியலாம்.

மற்றொரு பாம்புக்குக் கொடுத்தல்

பல பாம்புகளை வளர்ப்போர், ஒன்று மறுத்த இரையை மற்றொன்றுக்குக் கொடுப்பதுண்டு. இரை வீணாகாது எனினும் நோய் பரவ இது வழிவகுக்கும். கிரிப்டோசுபோரிடியம் என்னும் ஒட்டுண்ணி பாம்பின் இரைப்பைச் சுவரைத் தடிக்கச் செய்து, உண்டதைக் கக்கவைக்கிறது. நோயுற்ற பாம்பின் கழிவின் மூலம் இது பரவும். குளோரின் கலந்த தூய்மிகளால் எளிதில் அழியாது. எனவே புதிதாக வந்த பாம்பு, நோயுற்ற பாம்பு ஆகியவற்றின் கூண்டில் இருந்த இரையை வேறு பாம்புக்குக் கொடுக்கக்கூடாது.

கக்கப்பட்ட இரை

விழுங்கிய இரையைப் பாம்பு கக்குவது, மறுப்பதைக் காட்டிலும் கவலைக்குரியது. கூண்டில் வெப்பக் குறைவு, அளவுக்கு மீறிய பெரிய இரை, இரை எடுத்த இரண்டு நாட்களுக்குள் பாம்பைக் கையில் எடுத்தல் ஆகியன பொதுவான காரணங்கள். கக்கிய இரையை அகற்றிக் கூண்டைத் தூய்மை செய்ய வேண்டும். அவ்விரையை மீண்டும் கொடுத்தல் கூடாது. உணவுக்குழல் தேறுவதற்கு 10 முதல் 14 நாட்கள் இடைவெளி விட்டு, சிறிய இரையுடன் தொடங்குவது நல்லது. மீண்டும் கக்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனிதருக்கான பாதுகாப்பு

பாம்பும் எலியும் நோய்க்குறி ஏதுமின்றிச் சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கக்கூடியவை. ஐக்கிய அமெரிக்காவில் உறைந்த தீவன எலிகளால் மனிதருக்குச் சால்மொனெல்லா தொற்று பரவியதைத் தொடர்ந்து, 2010 ஆம் ஆண்டில் அவை விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எலிகளை மனித உணவுடன் வைத்தலும், சமையலறைப் பாத்திரத்தில் இளக்குதலும் தவிர்க்கப்பட வேண்டியவை. உண்ணப்படாத இரையை மூடிய பையிலிட்டு அப்புறப்படுத்தி, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளை இவ்வேலையில் ஈடுபடுத்தலாகாது.

மீண்டும் இரை கொடுத்தல்

மறுக்கப்பட்ட இரையை அகற்றிய பின் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே அடுத்த இரையைக் காட்ட வேண்டும். நாள்தோறும் வற்புறுத்துவது பாம்பை மேலும் அச்சுறுத்தும். இடைப்பட்ட நாட்களில் கூண்டின் வெப்பத்தையும் மறைவிடத்தையும் சரிபார்த்து, பாம்பின் எடையைக் குறித்துவரலாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயில் சளி, மூச்சுத் திணறல் போன்றவை தென்பட்டாலோ ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யும் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.