கந்தன் கந்தையாவான வரலாறு

மக்கட்பெயர் வெறும் அடையாளம் அன்று. அதனை இட்ட சமுதாயத்தின் நிலையும் அதிற் பதிந்திருக்கும். நம் கொழும்புத்துறையிற் பாட்டன்மார் தலைமுறையில் கந்தையா என்னும் பெயர் மலிந்திருந்தது. இன்று நாம் அழைக்கும் வகுப்பு இடாப்புகளில் அப்பெயருடைய மாணவனைக் காண்பது அரிது.

இப்பெயரின் மூலம் ஸ்கந்த என்னும் வடசொல்லாகும். தமிழில் அது கந்தன் என வழங்கிற்று. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் படிக்கப்பட்டுப் பயன் சொல்லப்பட்டது. இம்மண்ணின் வாழ்க்கை முறையைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ‘கந்தபுராண கலாசாரம்’ என்றே குறித்தார். நமக்கு அயலிலுள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1734 இல் அது மீண்டும் எழுந்தது. ஞானஸ்நானப் பெயர்கள் வற்புறுத்தப்பட்ட காலத்தையும் கடந்து கந்தன் பெயர் நிலைத்தது.

ஆனால், அப்பெயர் எல்லோருக்கும் ஒரே வடிவிற் கிடைக்கவில்லை. 1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலரின் தந்தையார் கந்தர். பிள்ளை சேர்ந்தாற் கந்தப்பிள்ளை. ஐயா சேர்ந்தாற் கந்தையா. காணியும் அதிகாரமும் இல்லாத கூலியாளோ வெறுங் கந்தன். ‘அன்’ என்பது இலக்கணத்தில் ஆண்பால் ஒருமை விகுதி மட்டுமே. சமுதாயம் அதனைச் சாதிக் குறியாக மாற்றியது. ஒடுக்கப்பட்டவன் தோளிற் சால்வை இடுவதைத் தடுத்த அதே வழக்கம், அவன் பெயரின் ஈற்றையும் காவல் செய்தது. பாசையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கரிடையே கந்தப்பிள்ளையின் இடத்தில் அந்தோனிப்பிள்ளையும் சூசைப்பிள்ளையும் வந்தனர். மதம் மாறிற்று, மதிப்பு விகுதி மாறவில்லை.

கல்வி பரவப் பரவ, இவ்வேலி தளர்ந்தது. முன்பு மறுக்கப்பட்ட ஈறுகளைத் தம் புதல்வர்க்குச் சூட்டியோர், உண்மையிற் கோரியது மனித மதிப்பையே. பொதுவிடங்களிற் சாதித் தடை விதிப்பதை 1957 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும் 1968 இல், மாவிட்டபுரத்திற் கந்தசுவாமி கோயில் வாயிலிலேயே ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். இறைவன் பெயரைத் தாங்கலாம். இறைவனைக் காணலாகாது என்பதன்றோ அதன் பொருள்!

பின்னர், திரைப்படப் பெயர்களும் தூய தமிழ்ப் பெயர்களும் எண்சாத்திரப் பெயர்களும் வந்தன. கந்தையா பழைய பெயராயிற்று. 1983 இன் பின் மக்கள் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தபோது தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பதியப்பட்டது. அதனால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும், பிள்ளைகளுக்கு இடப்படாத கந்தையா, அவர்களின் பெயர்களுக்குப் பின்னே வாழ்கின்றது. அதன் ஈற்றில் இருந்த மதிப்புப் போராட்டத்தை அங்கு வளரும் பிள்ளை அறியான்.

ஒரு பெயர் வழக்கொழிவதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. நாம் கவலைகொள்வது வேறொன்றுக்காக. ஊர் வரலாறு எழுதப் புகுவோர் காணி கொடுத்த கந்தரையும் மடங்கட்டிய கந்தப்பிள்ளையையும் தவறாது குறிக்கின்றனர். அம்மடத்துக்குக் கல் சுமந்த, கிணறு வெட்டிய கந்தன்மாரை எவரும் எழுதுவதில்லை. அவர்களின் பேரர் நம்மிடையே வாழ்கின்றனர். கேட்டால் பெயரும் ஊரும் செய்த தொழிலும் சொல்வர். கேட்டு எழுதும் கடமை நம்முடையது. எழுதும்போது, ‘வெட்டினான்’ என்னாது ‘வெட்டினார்’ என்று எழுதுவோம்.