மாணவர் கண்ட புதுமைகள்

மருத்துவம் பயிலும் மாணவர்க்குக் கற்க வேண்டிய பாடமே மலைபோற் குவிந்துள்ளது. அவர்க்கு ஆராய்ச்சிப் பயிற்சியும் வேண்டுமோ என வினவுவோர் உளர். இவ்வினாவுக்கு மருத்துவ வரலாறு இரு மாணவரைக் காட்டி விடை கூறுகிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மருத்துவப் பட்டம் பெற விழைவோர், தாமே ஆராய்ந்து ஆய்வுரை ஒன்று எழுதி அளித்தனர். பெர்லினில் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் அதற்கென முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஆங்காங்கே தனித் திட்டுகளாய் நின்ற சிறு உயிரணுக்கள் அவர் கண்ணிற் பட்டன. 1869இல் அளித்த ஆய்வுரையில் அவற்றைச் செவ்வனே வருணித்தார். அவற்றின் தொழில் இன்னதெனத் தமக்குத் தெரியவில்லை என்பதையும் மறையாது எழுதினார். அப்போது அவருக்கு வயது 21.

லாங்கர்ஹான்ஸ் 1888இல் மறைந்தார். மறு ஆண்டிலேயே, கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு உண்டாதலை மிங்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் கண்டனர். 1893இல் அத்திட்டுகள் 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' எனப் பெயர் பெற்றன. 1921இல் டொராண்டோவில் பாண்டிங் என்னும் மருத்துவர் இன்சுலினைத் தேடினார். அவருக்குத் துணை நின்ற பெஸ்ட், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த 22 வயது இளைஞர். இரத்தச் சர்க்கரையை அளக்கும் முறையை அவர் கற்றிருந்தமை அப்பணிக்குப் பெரிதும் உதவிற்று. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்து செலுத்தப்பெற்றது. காலிப் என்பார் தூய்மை செய்து தந்த மருந்தினால் அவன் தேறினான்.

இனி மற்றொரு மாணவரைக் காண்போம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் தொடங்கியது. ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு அது முதலிடம் தந்தது. அங்குப் பயின்ற ஜே மக்லீனுக்கு, இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை ஆராயுமாறு பேராசிரியர் ஹாவெல் பணித்தார். ஆயின் ஈரலினின்று மக்லீன் வடித்தெடுத்த சத்து, சில நாள் சென்றபின் உறைதலைத் தடுத்தது! ஆசிரியர் முதலில் நம்பவில்லை. மாணவர் பூனையின் இரத்தத்தில் அச்சத்தைக் கலந்து, அது உறைந்ததும் தம்மை அழைக்குமாறு கூறிச் சென்றாராம். அது உறையவேயில்லை எனப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். 1916இல் அம்முடிவு வெளியாயிற்று. ஹாவெல் அவ்வழியே தொடர்ந்து ஆராய்ந்து, 1918இல் 'ஹெப்பாரின்' என்னும் பெயரை வழங்கினார். அப்பெயர் பூண்ட மருந்து இன்றி இதய அறுவையும் சிறுநீரக நோயாளர்க்குச் செய்யும் இரத்தச் சுத்திகரிப்பும் இன்று எளிதில் நடவா.

மாணவ நேயர்களே! இவ்விருவரும் நூலிற் படித்ததை ஒப்புவித்தவரல்லர். ஒருவர் கண்டதை மட்டும் கூறி, காணாததைக் கூறாது விட்டார்; மற்றவர் எதிர்பார்த்த விடைக்கு மாறாக வந்த விடையையும் தள்ளிவிடாது சோதித்தார். கூர்ந்து நோக்கல், அளத்தல், உள்ளவாறு எழுதுதல், ஐயம் எழுந்தால் மீண்டும் சோதித்தல்: ஆராய்ச்சிப் பயிற்சி கற்பிப்பன இவையே. நாளை நோயாளி ஒருவர் நூலில் இல்லாத குறிகளோடு வந்து நிற்கும்போது, அவர் உயிரைக் காக்க மருத்துவர்க்கு வேண்டுவனவும் இவையே. ஆகவே அப்பயிற்சியைப் பட்டம் பெற்ற பின்னர் எனத் தள்ளிவைத்தல் தகாது.