உன்னுள்ளே, உன்னிடமிருந்து

கிறிஸ்தவ இறையியலில் அறத்துக்கும் அருளுக்கும் இடையே நடந்த நெடிய வழக்கை நாம் பெரும்பாலும் திருச்சபைச் சங்கங்களின் தீர்மானங்கள் வழியாகவே அறிகிறோம். ஓர் இளம்பெண்ணுக்கு எழுதப்பட்ட கடிதமே அதன் மையத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவதாக எண்ணுகிறோம்.

கி.பி. 410இல் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியதும், செல்வமிக்க அனிசியர் குடும்பத்தார் வட ஆப்பிரிக்காவில் தஞ்சம் புகுந்தனர். அக்குடும்பத்து மகள் தெமெத்ரியாஸ் 413 வாக்கில் மணவாழ்வைத் துறந்து கன்னிமை நோன்பு ஏற்றாள். மகளுக்கு அறிவுரை எழுதித் தருமாறு தாய் யூலியானா வேண்ட, ஜெரோமும் எழுதினார். பிரித்தானியரான பெலாஜியுஸும் எழுதினார்.

குலப்பெருமையும் பொருளும் பிறர் தந்தவை. ஆன்மிகச் செல்வமோ உன்னுள்ளேயே, உன்னிடமிருந்தே வரவேண்டும் என்பது பெலாஜியுஸ் உரைத்ததன் சாரம். இதை வெறும் செருக்கென்று ஒதுக்க இயலாது. அவர் அருளை மறுத்தவரல்லர். தேர்ந்துகொள்ளும் உரிமையையும் கிறிஸ்துவின் முன்மாதிரியையுமே அருளெனக் கண்டார். இயல்பின் பலவீனத்தைச் சாக்காகச் சொல்லிச் சோம்பியிருப்போரை எழுப்புவதே அவர் நோக்கம்.

சில ஆண்டுகள் கழித்து ஹிப்போ ஆயர் அகுஸ்தீன், நண்பர் அலிப்பியுசுடன் சேர்ந்து யூலியானாவுக்கு எழுதினார். 'உன்னுள்ளே' என்பதை உணவென்றும் 'உன்னிடமிருந்து' என்பதை நஞ்சென்றும் அவர் பிரித்தார். நல்லதை அறிந்தும் அதைச் செய்யும் உறுதியின்றி நெடுநாள் தவித்த மனிதர் அவர். விழுந்துகிடப்பவனிடம் 'உன்னால் முடியும்' என்பது அவனுக்கு ஆறுதலாகாது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டிருந்தார்.

418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. அகுஸ்தீனின் வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது: திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகளுக்கும் மீட்பில்லை என்ற முடிவுக்கு அவர் தர்க்கம் அவரை இட்டுச்சென்றது.

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைத் துணைக்கொண்டு, பயிற்சியால் ஈட்டும் நற்பண்புகள், இறைவன் பொழியும் நற்பண்புகள் என இருவகை வகுத்தார். முயற்சிக்கும் இடமுண்டு, ஆயின் இறுதிப் பேற்றுக்கு அது போதாது என்றார்.

பெலாஜியுஸின் அக்கடிதம் அழியவில்லை. அவரைக் கடுமையாக எதிர்த்த ஜெரோமின் பெயரிலேயே அது படியெடுக்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் வாசிக்கப்பட்டது. கொள்கையைக் கண்டித்த திருச்சபைக்கும் அந்த அறிவுரை தேவைப்பட்டது போலும். தன்னை எழுப்பிக்கொள்ளப் பெலாஜியுஸையும், பிறரைத் தீர்ப்பிடும்முன் அகுஸ்தீனையும் வாசிப்பவனே இவ்வழக்கின் பயனை முழுமையாக அடைகிறான் எனக் கருதுகிறோம்.